பிரிக்பீல்ட்ஸுக்கு விரலால் படிக்கும் பலகைகள் வேண்டும்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஜாலான் தம்பிப்பிள்ளையில் குடியிருக்கும் ஒருவன், அக்கம்பக்கத்தார் சார்பில்
பெறுநர்: மதிப்புமிகு டத்தோ பண்டார் (மேயர்) அவர்கள், கோலாலம்பூர்

பொருள்: பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகைகளைப் பிரெய்ல் எழுத்துடன் வைப்பதும், அவற்றுக்குப் போகும், பார்வையற்றோர் கோல் ஊன்றி நடக்கும் மஞ்சள் கல் பாதையைச் சரிசெய்வதும் குறித்து

ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆறு இடங்களில் பலகை வேண்டும். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதி, கீழே மலாய் பிரெய்லில் புள்ளி பதித்த பலகை. ஒவ்வொரு பலகையின் காலடி வரைக்கும் மஞ்சள் கல் பதித்திருக்க வேண்டும், அந்தக் கல்லின் மேல் வண்டி நிற்கக் கூடாது. இவ்வளவுதான் மனு. ஏன் கேட்கிறோம் என்பதுதான் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஜாலான் துன் சம்பந்தனில் மோனோரயில் தண்டவாளத்துக்குக் கீழே நடந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெரியவர், வெள்ளைக் கோல் ஊன்றி மஞ்சள் கல்லைப் பிடித்து நடந்து வந்தார். உடம்பு பிடிக்கும் கடையில் வேலை செய்பவர், தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தொழில் படிக்க இங்கே வந்தவர் என்று அப்புறம் பேசும்போது சொன்னார். நீளக் கோடு போட்ட கல் என்றால் நேராகப் போகலாம், வட்டப் புள்ளி போட்ட கல் என்றால் நில், முன்னால் சாலையோ படியோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் செருப்பு அதைத் தானாகவே படிக்கும். அன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் குறுக்காக இரண்டு மோட்டார் சைக்கிள், அதைத் தாண்டினால் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளியில் சாமந்தி. கோல் வாளியில் பட்டதும் நின்றார். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

சுற்றுலாக்காரர்களுக்காக யாரோ நட்டு வைத்திருந்த ஒரு பலகைப் பக்கம் வந்தபோது, "தம்பி, இங்க என்னமோ போர்டு இருக்காமே, அதுல நம்ம ஊரப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்றார். படித்துச் சொன்னேன். லிட்டில் இந்தியா, புடவை, பூமாலை, வாழை இலைச் சாப்பாடு, மசாலா வாசம். அவர் கொஞ்ச நேரம் காத்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பலகையில் எதுவும் இல்லை ஐயா. வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியோடு நாலு பேரிடம் பேசினேன், அதில் உருவானதுதான் இந்த மனு.

லிட்டில் இந்தியா என்ற பெயர் மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் அப்போதைய நம் பிரதமர் நஜிப்பும் வந்து திறந்து வைத்த அன்று நானும் கூட்டத்தில் நின்றேன். 2015 நவம்பரில் சாஞ்சி வாயில் மாதிரியே கல்லில் செதுக்கிய தோரண வாயில் வந்தது, மோடி வந்து திறந்தார், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. தீபாவளிச் சந்தை நேரத்தில் இங்கே நிற்க இடம் கிடைக்காது, கடைக்காரர்களுக்கு வியாபாரம் ஆகிறது, நல்லது. ஆனால் அந்தப் பெயர் வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்கு வயது அதைப்போலப் பல மடங்கு.

ஊரின் பெயரே செங்கல்லில்தான் தொடங்குகிறது. 1881இல் கோலாலம்பூரில் முதலில் தீ, அப்புறம் வெள்ளம். மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்துக் கட்டிய ஊர் போன இடம் தெரியவில்லை. 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே நிலம் வாங்கிச் சூளை போட்டார். நகரத்தின் பழைய கடைவீடுகளுக்கான செங்கல் வெந்த மண் இது. ஆனால் சூளை இருந்த ஊர் என்று சொல்ல இன்றைக்கு இங்கே ஒரு செங்கல்கூடக் கண்ணில் படுகிற மாதிரி வைக்கப்படவில்லை. முதல் பலகை இதற்குத்தான். அந்தப் பலகையில் ஒரு பழைய செங்கல்லையே பதித்து வையுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். கண் தெரிந்தவர்களும்தான்.

அப்புறம் ரயில். என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். நான் பிறந்தது குவாட்டர்ஸில், தூங்கினது பெட்டி மோதும் சத்தத்தில். இப்போது கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நிற்கும் இடம் முழுவதும் அன்றைக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு, மழைக்காலத்தில் நிலக்கரித் தூசி கரைந்து காலில் ஒட்டும். 2001இல் நிலையம் திறந்தது, 2003இல் மோனோரயில் வந்தது, 2014இல் பெரிய அங்காடி வந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளிடம் உங்கள் காலுக்குக் கீழே யார்டு இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ரயில்வே ஊழியர்களுக்கும் அரசாங்கக் குமாஸ்தாக்களுக்கும் கட்டிய ஹண்ட்ரட் குவாட்டர்ஸ், ஜாலான் ரொசாரியோ பக்கம் வரிசை வரிசையாக நின்றது, அதுவும் இடிபட்டுவிட்டது. இடித்தது சரியா தப்பா என்று இந்த மனுவில் நான் வாதாடப் போவதில்லை, அதற்கான நேரம் போய்விட்டது. இங்கே வீடுகள் இருந்தன, இன்ன வேலை செய்தவர்கள் குடியிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம் அல்லவா? இரண்டாவது பலகை.

மூன்றாவது விவேகானந்தர் ஆசிரமத்துக்கு முன்னால். 1904இல் கட்டியது. 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது ஊரே திரண்டது, பிறகு அது மரபுரிமைக் கட்டடமாக அரசிதழில் ஏறியது. ஆசிரமத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே, அரசாங்க வேலைக்கு வந்த தமிழர்கள். ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோவிலை எழுப்பியதும் அவர்கள்தான். ஆக "இந்தியா" என்று எழுதிய பலகையில் இலங்கைத் தமிழருக்கும் இடம் இல்லை, இதை அவர்கள் பிள்ளைகளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

சிங்களவர்களுக்கும் இடம் இல்லை. ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் பௌத்த மகா விகாரை அவர்கள் 1894இல் சங்கம் அமைத்துத் தொடங்கியது. பெர்ஹாலா என்றால் மலாயில் சிலை. தெருவுக்கு அப்படிப் பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, விகாரையில் புத்தர், கொஞ்சம் நடந்தால் சக்தி விநாயகர், அதே தெருவில் பரதம் சொல்லித்தரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். விசாகத் திருநாள் இரவில் விகாரையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டால் சீனர், சிங்களவர், தமிழர் எல்லோரும் மெழுகுவத்தியோடு நடப்பார்கள். எங்கள் அம்மா விபூதி இட்ட நெற்றியோடு வருஷா வருஷம் அந்த ஊர்வலத்துக்குப் போவார், யாரும் ஏன் என்று கேட்டது கிடையாது. நான்காவது பலகை இந்தத் தெருவுக்கு. ஐந்தாவது, ஜாலான் தம்பிப்பிள்ளையில் இருக்கும் சீனர்களின் மூன்று சமயக் கோவிலுக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. ஹோலி ரோசரி தேவாலயம், லூதரன் தேவாலயம், கௌதியா மதரஸா எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்டால் பட்டியல் நீண்டுவிடும், இந்த ஒன்றிலேயே அவற்றுக்கும் வழி காட்டிவிடலாம்.

ஆறாவதுதான் எனக்கு முக்கியம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது, அதன் தலைமையகம் எங்கள் வட்டாரத்தில்தான். நாட்டின் எந்த மூலையிலிருந்தோ பார்வை இல்லாத பிள்ளைகள் இங்கே வந்து தொழில் படித்து, இங்கேயே அறை எடுத்துத் தங்கி, உடம்பு பிடிக்கும் கடைகளில் வேலை செய்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் ஒரே கடையில் வரிசையாக உட்கார்ந்து வாடிக்கையாளருக்குக் காத்திருப்பதை இங்கே தினமும் பார்க்கலாம். இந்த ஊரை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை. மல்லிகை வாசம் வந்தால் பூக்கடை முக்கு, எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டால் வாழைப்பழம் பொரிக்கும் கடை, தலைக்கு மேல் மோனோரயில் வளைந்து கிறீச்சிட்டால் நிலையம் வந்துவிட்டது. அப்படிப்பட்டவர்கள் வாழும் ஊரில் ஊரைப் பற்றி எழுதியிருக்கும் எதையும் அவர்களால் படிக்க முடியவில்லை. சங்கத்துக்குத் திரும்பும் முனையில் அவர்களைப் பற்றியே ஒரு பலகை வேண்டும், அவர்கள் விரலுக்கு எட்டும்படி.

சில சின்னச் சின்ன விஷயங்கள், பெரியவரிடம் கேட்டு எழுதுகிறேன். பலகை ஆள் உயரத்துக்கு மேல் வேண்டாம், இடுப்பு உயரத்தில் சாய்வாக இருந்தால்தான் கை வைத்துப் படிக்க முடியும். வெயிலில் இரும்புத் தகடு வேண்டாம், மத்தியானம் தொட்டால் விரல் பொரிந்துவிடும், கூரை நிழலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்டுவிடாதீர்கள், சிரிக்காதீர்கள் ஐயா, ஓர் இடத்தில் பிரெய்லுக்கு மேல் கண்ணாடி போட்டிருந்ததைத் தொட்டிருக்கிறாராம். தமிழ் வரிகளை அச்சுக்கு அனுப்பும் முன்னால் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், கணினியில் எழுத்து உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. வாசகத்தை எழுதித்தர விகாரை, ஆசிரமம், தேவாலயம், சங்கம் எல்லாப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும்.

மஞ்சள் கல் பற்றி. கல்லே இல்லை என்று சொல்லவில்லை, பல இடத்தில் இருக்கிறது, அதற்கு நன்றி. குழாய் போட யாரோ ஒரு குத்தகைக்காரர் தோண்டி மூடிய இடத்தில் சாதாக் கல்லைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார், கோடு பாதியில் அறுந்து நிற்கிறது. இன்னோர் இடத்தில் நீளக் கோடு நேராக விளக்குக் கம்பத்தில் போய் முட்டுகிறது, அதைப் பதித்தவர் கண் தெரிந்தவர்தான் என்று நினைக்கிறேன். தோண்டுகிறவர்களுக்கு அனுமதி தரும்போதே அதே கல்லைத் திரும்பப் பதிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டால் போதும். வண்டிகளுக்கு அபராதம் போடுவதற்கு முன்னால், மோட்டார் சைக்கிள் நிறுத்த வேறு இடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள், கடைப் பையன்களும் பாவம், எங்கேதான் நிறுத்துவார்கள். பூக்காரம்மாவிடம் நான் பேசிவிட்டேன், வாளியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இந்த மனுவோடு கையெழுத்துத் தாள் இணைத்திருக்கிறோம். அதில் மை ஒத்திய கட்டைவிரல் ரேகைகள் நிறைய இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் படிக்கிற எழுத்து வேறு.

ஒரு சனிக்கிழமை காலை நேரம் ஒதுக்கி வாருங்கள். மோனோரயில் நிலையப் படிக்குக் கீழே நானும் பெரியவரும் நிற்போம். அங்கிருந்து விகாரை வரைக்கும் நடப்போம், வழி அவர் காட்டுவார், எங்கே கல் அறுந்திருக்கிறது என்று அவர் கோலே சொல்லிவிடும். முடித்துவிட்டுத் தே தாரிக் குடிக்கலாம், என் செலவு.

இப்படிக்கு,
ஜாலான் தம்பிப்பிள்ளை வாசி
(இணைப்பு: கையெழுத்துகளும் ரேகைகளும், ஆறு இடங்களைக் குறித்த கைவரைபடம் ஒன்று)