டபுள் சிக்னல்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்தபோது, "ஏன் அப்பா கதிரையை விட்டு எழும்பவே இல்லை?" என்று கேட்டாய். வெக்கை, அலுப்பு என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையில் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. அம்மா போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பயப்படாதே. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. தோல் உரிந்து வீங்கியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இடப்பக்கக் கண்ணாடியும் கிளட்ச் லீவரும் போய்விட்டன. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாத மனிதன், மீன் வாங்கப் போன இடத்தில் விழுந்தேன். காலை விட அதுதான் எனக்கு நோகிறது.

டவுனுக்குள் போகும் சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் பார்த்தபடி நின்றிருந்தேன். ஒரு வெள்ளை வான் வட்டத்துக்குள் வந்தது. அதற்குச் சற்று முன்னால் உள்பக்கமாக ஒரு ஓட்டோ. வானின் இடப்பக்க சிக்னல் மினுங்கியது. சரி, நான் நிற்கிற வீதிக்குத்தான் திரும்பப் போகிறான் என்று கிளட்சை விட்டேன். வான் திரும்பவில்லை, நேரே வந்தது. அவன் பிரேக் போட்டான், நானும் போட்டேன். இடிபடவில்லை. ஆனால் தார் ஓரத்தில் கிடந்த மணலில் முன்சில்லு வழுக்கி, சைக்கிளோடு இடப்பக்கம் சரிந்தேன்.

உன் வயதுப் பெடியன் ஒருவன்தான் சாரதி. ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, நேரே போறேன் எண்டு டபுள் சிக்னல் போட்டனே, நீங்கள் காணேல்லையா?" என்று கேட்டான். திரும்பிப் பார்த்தேன். வானின் நாலு மூலையிலும் லைட் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. வலப்பக்க லைட்டை அந்த ஓட்டோ மறைத்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மூலை.

அவனுக்கு ஏச வாய் எடுத்தேன், வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நிலாவெளி வீதியில் மாமாவின் வானை வைத்து உனக்கு ஓடப் பழக்கிய நாட்களில் நான் சொன்ன பாடம் என்ன? "இடம் எண்டால் இடம், வலம் எண்டால் வலம், நேரே எண்டால் ரெண்டும்." பாட்டு மாதிரி உன்னைச் சொல்லவும் வைத்தேன். அதை நம்பித்தான் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குப் போனாய். பதினைந்து சின்னப் பிழை வரைக்கும் விடுவார்கள், பெரிய பிழை ஒன்று போதும் என்று போனில் சொன்னாய். உன்னுடைய அந்த ஒன்று சுற்றுவட்டத்தில் போட்ட டபுள் சிக்னல். அப்போது நான் என்ன சொன்னேன்? "அந்த வெள்ளைக்காரனை ஒரு நாளைக்கு நம்ம றோட்டில ஓடிப் பார்க்கச் சொல்லு." திரும்பவும் சோதனைக்கு 62 பவுண் கட்ட வேண்டும் என்றாய். அம்மா அதை நகைக் கணக்கில் விளங்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தாள்.

நான் ஏன் அப்படிப் படிப்பித்தேன் என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். கொழும்புக்கு ஓடிய காலத்தில், ஹபரணைக் காட்டுப் பகுதியில் முன்னே போகிற லொறி இடப்பக்க சிக்னல் போட்டால் "நீ முந்து" என்று அர்த்தம். வலப்பக்கம் போட்டால் "எதிரே வாகனம் வருகிறது, பொறு" என்று அர்த்தம். அதே வலப்பக்கம் சில வேளை திரும்புவதற்கு, சில வேளை முந்துவதற்கு, சில வேளை அணைக்க மறந்ததற்கு. யுத்த காலத்தில் இரவில் ஆமியின் காவலரணுக்குக் கிட்டப் போனால் ஹெட்லைட்டை அணைத்து உள் லைட்டைப் போட வேண்டும். அதில் பிழை விட்டால் லைட்டோடு ஆளும் அணைந்துவிடும். இப்படி லைட்டாலேயே கதைத்துப் பழகியவர்கள் நாங்கள். டபுள் சிக்னலும் அந்தப் பேச்சில் ஒரு சொல்லாக வந்து ஒட்டிக்கொண்டது.

நேர் வீதியில் அந்தப் பேச்சு ஓடும். பின்னால் வருகிறவனுக்கு இரண்டு லைட்டும் சேர்ந்தே தெரியும். வட்டத்தில் அப்படியில்லை. ஒவ்வொருவனும் ஒவ்வொரு பக்கத்தில் நிற்கிறான், ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு மூலைதான் தெரியும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அறுபத்தைந்து வயதில், மணலில் கிடந்தபோதுதான் விளங்கியது.

வட்டத்தில் எப்படிச் சிக்னல் போடுவது என்று நீ அப்போது வீடியோவில் கோப்பையை வைத்துக் காட்டியது நினைவிருக்கிறதா? நான் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, புளியங்கொட்டைகளை வாகனமாக ஓட்டி அம்மாவுக்குக் காட்டினேன். இடப்பக்கம் போக முதலிலிருந்தே இடது சிக்னல். வலப்பக்கம் போக வலது சிக்னலோடு உள்வட்டம், அப்புறம் தன் வீதிக்கு முந்தின வீதியைத் தாண்டியதும் இடது. நேரே போக, நுழையும்போது ஒன்றுமே வேண்டாம், முந்தின வீதியைத் தாண்டியதும் இடது. அம்மா கேட்டாள்: "அப்ப எப்பிடிப் போனாலும் வெளியே வரேக்க இடதுதானே? இதுக்கு ஏன் இவ்வளவு கொட்டை?" அவளுக்குப் பரிசோதகர் வேலை கொடுக்கலாம்.

உன் ஊரில் எந்த வீதிக்கு எந்த லேன் என்று தரையிலேயே அம்புக்குறி போட்டிருக்கும் என்றாய். ஸ்விண்டனில் ஐந்து குட்டி வட்டங்கள் சேர்ந்த பெரிய வட்டம் ஒன்று 1972 முதல் இருக்கிறது என்று படமும் அனுப்பினாய். அது எனக்கு இடியப்பத் தட்டு மாதிரித் தெரிந்தது. இங்கே கோடும் இல்லை, அம்பும் இல்லை. உள்ளே சுற்றுகிற ஓட்டோ, பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டி வெளியே போகும். வலப்பக்கத்துக்கு வழி விடுவது அங்கேயே 1966-இல்தான் விதியானது, அதற்கு முன் வட்டத்துக்குள் பூட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று நீ சொன்னதில் மட்டும் எனக்கு ஒரு ஆறுதல். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இங்கே இன்னும் 1965 தான். போன மாதம் இரண்டு புள்ளிமான்கள் ஆறுதலாக நடந்து வட்டத்தைக் கடந்தன. சிக்னலும் இல்லை, லேனும் இல்லை. அத்தனை வாகனமும் மரியாதையாக நின்றது.

நேற்று சைக்கிளைத் திருத்தி எடுத்துக்கொண்டு முதல் வேலையாக அந்த வட்டத்துக்கே போனேன். நேரே போகும்போது, நீ சொன்ன இடத்தில் இடது சிக்னல் போட்டேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் நான் ஓரங்கட்டி நிற்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "ஐயா, ஆரைத் தேடுறீங்கள்?" என்றார். ஒருவரையும் இல்லை என்று சொன்னேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். இன்றைக்கும் போட்டேன்.

ஆடியில் வரும்போது முதல் இரண்டு நாளும் நீ ஓட வேண்டாம், நான் ஓடுகிறேன். மூன்றாம் நாள் எடுத்துக்கொள். உன் சிக்னலை ஒழுங்காகப் போடு, மற்றவனின் லைட்டை மட்டும் நம்பாதே, முன்சில்லு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார். மாமாவின் பிள்ளைக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது, வான் பழக என்னிடம்தான் வருகிறான். அந்தப் பாட்டை அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். நேற்றுக் கூப்பிட்டு மறக்கச் சொன்னேன். "அப்ப நேரே போக என்ன போடுறது மாமா?" என்று கேட்டான். கோப்பையும் புளியங்கொட்டையும் மேசையில்தான் இருந்தன.

அந்த 62 பவுணை என் கணக்கில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை