அந்தக் குழி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில் எங்கள் பந்தலூரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் கட்டுரையின் கடைசியில், தேவாலாவிலிருந்து எந்த மண்சாலையில் இறங்கி நடந்தால் பழைய தங்கச் சுரங்கத்தைப் பார்க்கலாம் என்று வழியும் போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் ஜீப்பில் ஏறின. ஒரு குடும்பத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் சுரங்கத்துக்குக் கூட்டிப்போகவில்லை, நாடுகாணி வரைக்கும் ஓட்டிப்போய்க் காட்சியைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்தேன். என்மேல் கோபம்தான்.

முதலில் ஒரு திருத்தம். வெள்ளைக்காரன் இங்கிருந்து தங்கத்தை அள்ளிக்கொண்டு போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். அள்ளியது பணத்தை, அதுவும் லண்டனில், பங்கு வாங்கிய அவன் ஊர்க்காரர்களிடமிருந்து. காபியில் இலை நோய் விழுந்து தோட்டங்கள் நொடித்திருந்த காலம் அது. ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவமுள்ள பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்தது. 1880ல் அவர் கொடுத்த அறிக்கை ஊரையே கிறுக்குப்பிடிக்க வைத்தது. ஏறக்குறைய 40 கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனம் என்று காகிதத்தில் முளைத்தன. நோய் விழுந்த காபித் தோட்டத்தை நல்ல விலைக்குத் தங்கக் கம்பெனியிடம் தள்ளிவிட்டவர்கள்தான் உண்மையில் தங்கம் கண்டவர்கள். மாதிரிக்கு எடுத்த வெள்ளைக்கல்லில் மின்னியது, ஆலையில் போட்டு இடித்தபோது பல இடங்களில் டன்னுக்கு ஒரு சவரன்கூடத் தேறவில்லை. மலேரியா வேறு. இரண்டு மூன்று வருடத்தில் கதை முடிந்தது. அப்புறம் தேயிலை வந்தது.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே இங்குள்ள பழங்குடியினர் ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ஊருக்குப் பெயரே பொன்னானி.

கம்பெனிகள் போயின, ஓட்டைகள் இருக்கின்றன. சில மலைச்சரிவில் பக்கவாட்டாகக் குடைந்த குகைகள், அவற்றில் பிரச்சினை கொஞ்சம் குறைவு, கண்ணுக்குத் தெரியும். கிணறு மாதிரி நேராக இறங்குபவைதான் எமன். வாயை உண்ணிச்செடியும் பெரணியும் மூடியிருக்கும், பக்கத்தில் போனால்கூடப் புதர் என்றுதான் தோன்றும். இரண்டு வருடம் முன்பு ஆடி மழையில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவரின் சினைமாடு காணாமல் போனது. மறுநாள் தேடிக்கொண்டு போனபோது புதருக்கு அடியிலிருந்து ஒரு முனகல். டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழே தண்ணீருக்கு நடுவில் மாட்டின் ஒரு கொம்பும் காதும் மட்டும் தெரிந்தன. கயிறு, ஜீப், பத்துப் பேர் என்று எல்லாம் இருந்தும், கீழே இறங்கிக் கயிற்றைக் கட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. உள்ளே காற்று இருக்காது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் முனகல் நின்றுவிட்டது. அக்கா குழியோரம் உட்கார்ந்து, "வாடி செவலை, வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் மனு எழுதிக்கொண்டு போனோம். ஒரு அலுவலகத்தில் இது எங்கள் இடமில்லை, காடு என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் இது பிரிவு 17 நிலம், வழக்கு முடியாமல் ஒரு கம்பிகூட நட முடியாது என்றார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கேரளத்து நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. 1877 வரை இந்தப் பகுதியே மலபார் ஜில்லாவில்தான் இருந்தது. 1969ல் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. குத்தகைத் தோட்டங்கள் யாருக்கு என்பது அதன் 17ஆம் பிரிவில் சிக்கி இன்றுவரை இழுபறி. நாடு முழுக்கக் காட்டுக்குச் சட்டம் சொல்லும் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு 1995ல் கிளம்பியதும் இந்தக் கூடலூர்க் காட்டை முன்வைத்துத்தான். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. பட்டா கிடையாது, பல வீடுகளுக்குக் கரண்டு கிடையாது, குழிக்கு மூடி கிடையாது.

இன்னொன்று. அந்தக் குழிகளுக்குள் இப்போதும் ஆள் இறங்குகிறார்கள். மூச்சுத் திணறியும் மண் சரிந்தும் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்திருக்கிறது. வேலை இல்லாத மாதங்களில் இறங்குகிற ஆட்களைத் திருடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பா சிலோனிலிருந்து ராமேஸ்வரம் இறங்கி, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறிக்க வந்தவர். கூலி எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். கல்லை இடித்து, பாதரசத்தில் பிடித்து, துணியில் பிழிந்து, அடுப்பில் காட்டுவார்கள். அந்தப் புகை போவது அதே வீட்டுப் பிள்ளைகளின் மூச்சில். கழிவு போவது ஓடையில், அது போய்ச் சேருவது பாண்டியாறு, புன்னப்புழை வழியாகச் சாலியாற்றில். கீழே நிலம்பூரில் குடிக்கிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. "புதையல் பூமி" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் இங்கே இன்னும் நாலு பேர் கயிறு தேடுவார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வழக்கு முடிகிறபோது முடியட்டும். அதுவரை நிலம் யாருடையது என்று பார்க்காமல் குழியின் வாயைச் சுற்றி நாலு கம்பி, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை. உங்கள் பக்கத்திலும் ஒன்று வேண்டும். அடுத்த இதழில் அந்த வழிக்குறிப்பை ரத்து செய்து இரண்டு வரி போடுங்கள். அக்காவின் மாடு விழுந்த இடத்தில் நாங்கள் மூங்கில் நட்டுச் சிவப்புச் சேலைத் துணி கட்டியிருந்தோம். போன மழையில் மூங்கில் சாய்ந்துவிட்டது. துணி இப்போது புதருக்குள் எங்கோ கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஜீப் ஓட்டுநர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.