தனிப் பிழை கிளாஸ் யாருக்காக? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்துப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. உன் மகள் அதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாளா! இங்கே எல்லோரும் நலம். எனக்கு இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களின் நிரல் கோடைப் படித்துக் கருத்துச் சொல்வதே பாதி வேலையாகிவிட்டது. அலுக்கவில்லை. அவர்கள் கேட்கிற கேள்விகளில் நம் பழைய ஆர்வம் தெரிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவில் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு எக்ஸெப்ஷன் கிளாஸ் (அந்தப் பிழைக்கான தனி வகை) எழுதச் சொல்கிறார்கள், ஒரு ஃபைல் முழுக்க அதுவே நிரம்பிவிட்டது, இவ்வளவும் தேவையா என்று கேட்டிருந்தாய். எல்லாமும் தேவைப்படாது. ஆனால் அதில் சில கட்டாயம் தேவை. எது எது என்று பிரிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிழை கிளாஸை, தவறு நேர்ந்ததும் அதை எறிகிற இடத்தில் நின்று யோசிக்காதே, அதைப் பிடித்துக் கையாளுகிற இடத்தில் நின்று யோசி. பிடிக்கிறவர் அந்தப் பிழைக்காக வேறு ஏதாவது செய்யப் போகிறார் என்றால் அதற்குத் தனி கிளாஸ் வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் செய்யப் போவது ஒன்றே என்றால், ஒரு கிளாஸும் நல்லதொரு செய்தியும் போதும்.

பணம் அனுப்பும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள். கணக்கில் பணம் போதவில்லை என்றால் பயனரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். எதிர்ப்பக்க சர்வரோடு இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். இணைப்பு கிடைத்து, கோரிக்கையும் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வரவில்லை என்றால்? அங்கேதான் கவனம் வேண்டும். பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடும். முதலில் பரிமாற்ற எண்ணை வைத்து நிலையை விசாரிக்க வேண்டும். பார்க்கப்போனால் கடைசி இரண்டுமே 'நெட்வொர்க் கோளாறு'தான். பிடிக்கிறவருக்கோ அவை முற்றிலும் வேறு வேறு. இணையக் கோரிக்கைகளை அனுப்ப உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நிரல் நூலகத்தில் கனெக்ட் டைம்அவுட், ரீட் டைம்அவுட் என்று இரண்டு கிளாஸ் இருப்பது இதனால்தான். முதலாவது வந்தால் தயங்காமல் மறுபடி முயலலாம் என்று அந்த நூலகமே குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் டைம்அவுட் என்ற பொது கிளாஸின் கீழும் வரும், அதற்கும் மேலே ரிக்வெஸ்ட் எக்ஸெப்ஷன். வித்தியாசம் வேண்டியவர் கீழே பிடிக்கலாம், வேண்டாதவர் மேலே பிடிக்கலாம்.

கிளாஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பைத்தானிலேயே சான்று இருக்கிறது. பைத்தான் 3.3 பதிப்பு வரும்வரை ஒரு ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றால் வருவது ஐஓ எரர். ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா என்று அறிய, பிடித்தபின் உள்ளே இருக்கும் எர்நோ என்ற பிழை எண்ணைப் பார்க்க வேண்டும்: லினக்ஸில் 2 என்றால் ஃபைல் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. எல்லோரும் அந்த இஃப் வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் வந்த 3.3 அந்தக் குடும்பத்தையே ஓஎஸ் எரர் என்ற ஒரு கிளாஸின் கீழ்க் கொண்டுவந்து, ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர், பெர்மிஷன் எரர் என்று பிரித்துத் தந்தது. எர்நோ எண் இன்னும் உள்ளேயே இருக்கிறது, பழைய கோடும் உடையவில்லை. நல்ல வடிவமைப்பு என்று நான் புதியவர்களுக்குக் காட்டுவது இதைத்தான்.

எண்ணாவது பரவாயில்லை. பிழையின் செய்தியைப் படித்து முடிவெடுக்கிற கோடுதான் எனக்கு மனசுக்கு ஆகாது. 'செய்தியில் போதவில்லை என்ற சொல் இருக்கிறதா' என்று ஒரு இஃப். வேறொருவர் நல்லெண்ணத்தோடு அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுவார், அல்லது வேறு மொழிக்கு மாற்றுவார். அந்த இஃப் சத்தமில்லாமல் செத்துப்போகும். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் எதுவும் சொல்லாது. செய்தி மனிதர் படிப்பதற்கு, கிளாஸும் அதன் புலங்களும் (உள்ளே தனித்தனியாக வைக்கும் மதிப்புகள்) நிரல் படிப்பதற்கு. எவ்வளவு தொகை குறைகிறது என்று மேலே உள்ளவருக்குத் தெரிய வேண்டுமானால் அதைத் தனிப் புலமாக வை. வாக்கியத்துக்குள் புதைத்துவிட்டு அவரைத் தோண்ட வைக்காதே. அப்புறம் இன்னொன்று: பிழைச் செய்தி எப்படியும் லாகில், அதாவது நிரலின் பதிவேட்டில், போய் விழும். கடவுச்சொல், கார்டு எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

புலம் வைக்கும்போது பைத்தானில் ஒரு பொறி இருக்கிறது, உங்கள் கோடில் அவசியம் பார். கிளாஸின் இனிட்டில் (அதை உருவாக்கும்போது ஓடும் மெத்தட்) கணக்கு எண், குறையும் தொகை என்று இரண்டு வாங்கிக்கொண்டு, தாய் கிளாஸின் இனிட்டுக்கு ஒரு செய்தியை மட்டும் அனுப்புவார்கள். ஒரே ப்ராசஸில் ஓடும்வரை குறை தெரியாது. பல ப்ராசஸ்கள் சேர்ந்து ஓடும் மல்டிப்ராசஸிங்கில் அந்தப் பிழை பிக்கிள் ஆகி, அதாவது பைட்டுகளாக மாற்றப்பட்டு, இன்னொரு ப்ராசஸுக்குப் போகிறது. அங்கே அதைத் திரும்பக் கட்டும்போது, தாய் கிளாஸிடம் போன அந்த ஒரு செய்தியை மட்டும் வைத்து உன் இனிட்டை அழைக்கும். இரண்டு கேட்ட இடத்தில் ஒன்றுதான் வந்தது என்று டைப் எரர் விழும், உண்மையான பிழை காணாமலே போகும். வாங்கிய இரண்டையும் அப்படியே தாய் கிளாஸுக்கு அனுப்பிவிடு. செய்தியை ஸ்ட்ர் மெத்தடில் (பிழையை எழுத்தாக்கித் தருவது) கட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் திருத்தம்.

குடும்ப வரிசையை ஆழமாக்க வேண்டாம். உங்கள் நூலகத்துக்கு என்று ஒரு அடிப்படைப் பிழை கிளாஸ், அதன் கீழ் பிடிக்கிறவருக்கு வேண்டிய சில, இதற்கு மேல் அடுக்கு வைக்க எனக்குக் காரணம் கிடைத்ததே அபூர்வம். அந்த அடிப்படை கிளாஸ் பைத்தானில் எக்ஸெப்ஷனிலிருந்து வர வேண்டும். பேஸ் எக்ஸெப்ஷன் என்பது நிரலையே நிறுத்தச் சொல்லும் கீபோர்ட் இன்டரப்ட், சிஸ்டம் எக்ஸிட் போன்றவற்றுக்கானது, அங்கே போகாதே. ரூபியில் அந்த இடம் ஸ்டாண்டர்ட் எரர், பிழையின் பெயர் சொல்லாத ரெஸ்க்யூ (ரூபியில் பிழை பிடிக்கும் வரி) அதற்குக் கீழ் உள்ளவற்றைத்தான் பிடிக்கும். பிடிக்கும்போது குழந்தை கிளாஸை முதலிலும் தாய் கிளாஸைப் பின்னாலும் எழுத வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததே. மாற்றி எழுதினால் ஜாவா கம்பைலர் தடுத்துவிடும், பைத்தான் ஒன்றும் சொல்லாமல் முதல் கிளைக்குள்ளேயே போய்விடும்.

தவறான ஒரு மதிப்பு வந்தது என்பதற்கெல்லாம் புதிதாக எழுத வேண்டாம். பைத்தானில் வேல்யூ எரர் இருக்கிறதே. ஜாவாவில் இல்லீகல் ஆர்கியுமென்ட் எக்ஸெப்ஷன் இருக்கிறது. நாள்பட்ட பழக்கமான பெயர், எல்லோருக்கும் உடனே புரியும்.

நீ சேர்த்திருந்த கோடில் என்னை உறுத்திய ஒரு இடம் இருக்கிறது. டேட்டாபேஸ் பிழையைப் பிடித்து 'பயனர் கிடைக்கவில்லை' என்ற உங்கள் சொந்தப் பிழையாக மாற்றி எறிகிறீர்கள். மாற்றுவது சரிதான், மேல் அடுக்குக்கு எஸ்க்யூஎல் விவரம் எதற்கு? ஆனால் இணைப்பு அறுந்துபோனாலும் அதே 'கிடைக்கவில்லை' வருகிறது. பயனர் இல்லை என்று நம்பி மேலே உள்ள கோடு புதிதாக ஒரு கணக்கையே உருவாக்கிவிடும். இல்லாதிருப்பதும் பார்க்க முடியாமல் போனதும் ஒன்றல்லவே. இந்த இரண்டையும் இன்றைக்கே பிரித்துவிடு.

மாற்றும்போது மூலக் காரணத்தையும் கூடவே அனுப்பு. பைத்தானில் பிழையை எறியும் ரெய்ஸ் வரியின் கடைசியில் ஃப்ரம் போட்டு மூலப் பிழையைக் கொடுத்தால் போதும். அப்படிக் கொடுக்காவிட்டாலும் பிழை பிடிக்கும் எக்ஸெப்ட்டுக்குள்ளிருந்து எறிந்தால் பழைய பிழை ட்ரேஸ்பேக்கில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) வரும், ஆனால் 'அதைக் கையாளும்போது இன்னொன்று நேர்ந்தது' என்ற தொனியில் வரும். ஃப்ரம் போட்டால் அதுதான் நேரடிக் காரணம் என்று தெளிவாக எழுதும். ஜாவாவில் இந்த வசதி 1.4-இல், 2002-இலேயே வந்துவிட்டது, ஆனால் நாம் எழுதும் கிளாஸில் காரணத்தை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை நாமே எழுத வேண்டும். அதை விட்டுவிடுகிறார்கள், கீழே என்ன நடந்தது என்று தேடுகிறவர் பாடு திண்டாட்டம். ஜாவாஸ்கிரிப்டுக்கு மூலக் காரணத்தை வைக்கும் காஸ் (cause) என்ற புலம் 2022 பதிப்பில்தான் தரத்துக்குள் வந்தது. உங்கள் முன்பக்கக் குழு டைப்ஸ்கிரிப்டை ஈஎஸ்5 என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லிவை: எரரை நீட்டித்து எழுதிய கிளாஸில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (இது இந்த கிளாஸைச் சேர்ந்ததா என்ற சோதனை) பொய் சொல்லும். ஈஎஸ்2015 அல்லது அதற்குப் பிந்தைய இலக்குக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

அந்த நீளமான ஃபைலை என்ன செய்வது என்றால், ஒவ்வொரு கிளாஸின் பெயரையும் கோடு முழுக்கத் தேடு. எங்கேயாவது பெயர் சொல்லிப் பிடிக்கிறார்களா என்று மட்டும் பார். எறிகிறார்கள், எவரும் பிடிப்பதில்லை என்றால் அதை அடிப்படை கிளாஸோடு சேர்த்துவிடலாம். டெஸ்டுகளில் மட்டும் பிடிப்பவற்றைத் தனியாகக் குறித்துவை. வெளியார் பயன்படுத்தும் நூலகம் என்றால் அவசரப்படாதே. அவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது, பழைய பெயரைப் புது கிளாஸுக்கு மறுபெயராக ஒரு பதிப்பு வரையாவது விட்டுவை.

முடிந்தால் அந்தப் பட்டியலை அடுத்த கடிதத்தோடு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தப் பயனர் தேடும் ஃபங்ஷனை மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்றும் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்