விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கலந்தாய்வில் இனி மாற்ற முடியாதபடி பூட்டுவதற்கு முன் நீ அனுப்பிய கல்லூரிப் பட்டியலை நானும் அம்மாவும் பொறுமையாகப் பார்த்தோம். ஏரோஸ்பேஸ் (விமானம், விண்கலப் பொறியியல்), ஏரோநாட்டிகல் (விமானப் பொறியியல்) என்ற பெயர் இருக்கும் இடங்களையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறாய்; அந்தப் பெயர் இல்லாத ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்பதால்தான் கடிதம்.

பட்டியலின் தலையில் இருப்பவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2007-இல் தொடங்கப்பட்டு, இப்போது திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் இருக்கும் ஐஐஎஸ்டி என்ற விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், மத்திய அரசின் விண்வெளித் துறையின் கீழேயே இயங்குகிறது. தரச் சராசரியை பத்துக்கு 7.5-க்குக் குறையாமல் வைத்திருந்தால், காலியிடத்தைப் பொறுத்து இஸ்ரோவிலேயே பணி கிடைக்க வழியுண்டு. அங்கே சேர்க்கை, ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டின் தரவரிசைப்படிதான் என்றாலும், ஐஐடிகளுக்கான கலந்தாய்வில் அந்த இடங்கள் வராது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதே. ஐஐடிகளில் நீ சென்னையோடு நின்றுவிட்டாய். கான்பூரையும் சேர். வளாகத்துக்குள்ளேயே ஓடுதளம் இருக்கிறது. மாணவர்களே விமானத்தில் ஏறி, பறந்துகொண்டிருக்கும்போதே அளவீடுகள் எடுத்துப் பழகுகிறார்கள். தூரம் என்று அம்மா சொல்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜேஇஇ கைகொடுக்காவிட்டால், +2 மதிப்பெண்ணின் 200-க்கான கட்-ஆஃபை வைத்தே சேரக்கூடிய சென்னை குரோம்பேட்டை எம்ஐடி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரி, இருக்கிறது. 1949-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில்தான் அப்துல் கலாமும், பின்னாளில் இஸ்ரோ தலைவரான சிவனும் ஏரோநாட்டிகல் படித்தார்கள்.

என் கவலையெல்லாம் பட்டியலின் கீழ்ப்பாதியைப் பற்றியது. அதில் ஒரு கல்லூரிக்குப் போன வாரம் நேரிலேயே போய் வந்தேன். முகப்பில் பழைய விமானம் ஒன்றை நிறுத்தி, அதன் முன்னால் பெற்றோர்கள் படம் எடுத்துக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். மாதிரி விமானத்தின் மேல் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, முதலில் அலுவலகத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். பிறகு திறந்து காட்டிய அறையில், சோதனைப் பகுதியின் கண்ணாடிக்குள் ஒட்டடை; அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் குழாய்களில் நீர் வற்றி, உள்ளே மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. மேஜையில் கிடந்த பதிவேட்டைப் புரட்டினேன். கடைசிக் கையெழுத்து போன கல்வியாண்டில் போட்டது. இயந்திரம் பழுதாவது எங்கள் பட்டறையிலும் நடப்பதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் ஓராண்டாக அதைத் தேடி யாரும் வரவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. காற்று இறக்கையின் மேல் எப்படி ஓடுகிறது, எந்தக் கோணத்தில் பிய்த்துக்கொண்டு போகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் நான்கு ஆண்டு ஏரோடைனமிக்ஸ் (காற்றியக்கவியல்) படித்து என்ன பயன்?

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: தலையில் உள்ள இடங்களில் ஏரோஸ்பேஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடு. கிடைக்காவிட்டால், நல்ல ஆய்வகமும் ஆசிரியர்களும் உள்ள கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் எடு, கீழ்ப்பாதியை விட்டுவிடு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர், பி.இ.யும் மெக்கானிக்கல்தான். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டைப் பெண், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். இஸ்ரோ விஞ்ஞானிப் பணிக்கு நடத்தும் பொதுத் தேர்வுகளில்கூட எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கணினி அறிவியல் ஆகியவைதான் பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. ஆசை குறையாமல் இருந்தால், மெக்கானிக்கல் முடித்த பிறகு மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி, பெங்களூருவின் இந்திய அறிவியல் நிறுவனம் (ஐஐஎஸ்சி) போன்ற இடத்தில் எம்.டெக். ஏரோஸ்பேஸுக்கு முயலலாம், அங்கே அந்தத் துறை 1942 முதல் இருந்து வருகிறது.

உன் தோழி சொன்ன அமெரிக்க யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராக்கெட் சார்ந்த தொழில்நுட்பம் அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவதால், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. மாமா சொல்லும் விமானப் பராமரிப்புப் படிப்பு வேறு. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான டிஜிசிஏவின் உரிமம் பெற்று விமானத்தைப் பழுதுபார்த்துச் சான்றளிக்கும் வேலை அது. மரியாதையான வேலைதான், ஆனால் நீ கேட்பது விமானத்தை வடிவமைக்கும் வேலை.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் உனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்கும். கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டேன், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார். அது நம் கைக்கு வருவதற்குள் பட்டியலைத் திருத்தி எழுதி அனுப்பு. கீழ்ப்பாதியில் எதையாவது விடவே முடியாது என்று தோன்றினால், அந்தக் கல்லூரிக்கு நாம் இருவருமாகப் போய் ஆய்வகப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்போம். பூட்டுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா