ஒரே மரபணு மாற்றம், அம்மாவுக்கு ஒன்று, மகனுக்கு வேறு

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. உன் மாணவி கேட்டது நல்ல கேள்வி. ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கு வலிப்பு மட்டும். மகனுக்கோ மடிப்பே இல்லாத வழுவழு மூளை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிசிஎக்ஸ் மரபணுவில் இருவருக்கும் ஒரே மாற்றம். எப்படி?

எக்ஸ் குரோமோசோம் என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. நியூரான், அதாவது நரம்புச் செல், நகர்வதிலிருந்து தொடங்கு. மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், பெரும்பாலான நியூரான்கள் பிறப்பது மூளைக்குள் திரவம் நிறைந்த உள்ளறைகளின் சுவரோரம். ரேடியல் கிளியா என்னும் துணைச் செல்களின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டுதான் அவை மேலே போகின்றன. முன்னால் வந்தவை அடியில் தங்க, பின்னால் வருபவை அவற்றைத் தாண்டி மேலடுக்கில் போய் அமரும். மனிதக் கருவில் இது மும்முரமாக நடப்பது சுமார் 12 முதல் 24 வாரம் வரை.

போவதும் ஒரே சீராக அல்ல, விட்டுவிட்டுத்தான். முன்முனை நீளும், நுண்குழல்களை ஒருங்கிணைக்கும் மையமான சென்ட்ரோசோம் முன்னால் நகரும், பிறகு டைனீன் என்னும் மோட்டார் புரதம் நியூக்ளியஸை, அதாவது செல்லின் உட்கருவை, செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்கள் வழியே இழுக்கும். அந்த நுண்குழல்களை உறுதிப்படுத்துவது டிசிஎக்ஸ் புரதம். டைனீனுக்குத் துணை நிற்பது லிஸ்1 என்னும் இன்னொரு புரதம். எது கெட்டாலும் நியூக்ளியஸ் பின்தங்கிவிடும்.

மகனிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதனால் எல்லா நியூரான்களும் தடுமாறுகின்றன. 2 முதல் 4 மி.மீ. இருக்க வேண்டிய புறணி 10 மி.மீ.க்கும் மேல் தடிக்கிறது. ஆறு அடுக்குக்குப் பதில் நான்கு. அம்மாவின் ஒவ்வொரு செல்லிலுமோ கருவின் தொடக்கத்திலேயே இரண்டு எக்ஸில் ஏதோ ஒன்று அணைந்துவிடுகிறது. நல்ல பிரதி வேலை செய்யும் நியூரான்கள் மேலே போய் ஓரளவு சரியான புறணியைக் கட்டுகின்றன. மற்றவை பாதி வழியில் நின்று, புறணிக்கு அடியில் உள்ள வெண்பொருளுக்குள் ஒரு பட்டையாகத் தங்குகின்றன. எம்.ஆர்.ஐ.யில் அதுதான் 'இரட்டைப் புறணி'. எந்த எக்ஸ் எத்தனை செல்களில் அணைந்தது என்பதைப் பொறுத்துப் பட்டையின் தடிமன் மாறும். நின்றுபோன நியூரான்கள் செத்தவை அல்ல. இணைப்புகள் போட்டு, மின்துடிப்பும் அனுப்புகின்றன. வலிப்புக்கு அது ஒரு காரணம்.

எலியைக் காட்டி விளக்காதே, மாட்டிக்கொள்வாய். டிசிஎக்ஸ் இல்லாத சுண்டெலிக்குப் புறணி ஏறக்குறைய சரியாகவே இருக்கும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில்தான் குழப்பம்.

ஸ்கேன் படம் காட்டினால் இதையும் சொல். மகனைப் போன்ற பையன்களில் வழுவழுப்பு முன்பக்கம் அதிகம் என்றால் முதலில் டிசிஎக்ஸையும், பின்பக்கம் அதிகம் என்றால் லிஸ்1-ஐயும் சந்தேகிக்க வேண்டும். 20 வார ஸ்கேனில் இதை நம்பிச் சொல்ல முடியாது. அப்போது எல்லாக் கருவின் மூளையும் பெரும்பாலும் வழுவழுதான். இப்படி ஒரு பையனின் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. சரியாக இருந்தாலும் மரபணுப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சில செல்களில் மட்டும் மாற்றம் இருந்தால் படத்தில் தெரியாமலே போகலாம். அடுத்த பிள்ளைக்கும் அது போய்ச் சேரலாம்.

மற்ற நியூரான்களுக்குத் தடுப்புச் சமிக்ஞை தரும் இன்டர்நியூரான்கள் பெரும்பாலும் கரு மூளையின் அடிப்பகுதியிலிருந்து பக்கவாட்டில் வருகின்றன. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்