தி.நகர் ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு: அந்த ஸ்டூலைப் போடுங்கள்

தி.நகர் ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உஸ்மான் சாலையில் உள்ள ஒரு கடைக்குப் போயிருந்தேன். காலை நேரம், பட்டுப்புடவைப் பகுதியில் ஈ காக்கை இல்லை. விற்பனைக்கு நின்ற பெண் கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உடனே சூப்பர்வைசர் வந்துவிட்டார். "எந்திரிம்மா, கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

பார்த்த கஸ்டமர் நான்தான். என்ன நினைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் உட்கார்ந்ததில் எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. உட்கார ஸ்டூல் போடுங்கள்.

2021இல் வந்த சட்டத் திருத்தம் உங்களுக்குத் தெரியாததா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றார்கள். கேரளத்தில் 2018லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி வாங்கியது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை சரியாக நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கும், பாதம் வீங்கும், நாளாக ஆக ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். காலையில் நிற்கத் தொடங்கி, ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை சிரித்த முகமாக "வேற கலர் காட்டட்டுமா மேடம்?" என்று கேட்கிறவர்களின் கால் இது. வேலை முடிந்து ஹாஸ்டலுக்குப் போனாலும் அந்த வலி கூடவே போகும்.

புடவைக்கு ஏ.சி. உண்டு. மனைவி புடவை எடுக்கும்வரை செல்போன் பார்க்கும் கணவருக்கு சோபா உண்டு. நிற்க வலிக்காதது கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மைக்குத்தான், ஊழியரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவர்கள் நிற்கும் இடத்தில் சாயங்காலம்வரை நின்று பாருங்களேன். அப்புறம் கஸ்டமர் என்ன நினைப்பார் என்று பேசலாம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சின்ன விஷயம். கவுன்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள். கூட்டம் இல்லாதபோது உட்காருவதை யாரும் தடுக்கக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் சொல்லிவிடுங்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் செய்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்