எழுத்தை மட்டும் காட்டும் அஞ்சலுக்கும் வழி விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பார்வையற்றவன். மதுரை மாவட்டம் எழுமலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும் செய்துவருகிறேன். பதிவு செய்தபோது பல்கலைக்கழகம் எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள், ஆய்வுக்குழு கூடும் தேதி, நெறியாளரின் திருத்தங்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். நான்கு ஆண்டுகளாக அவற்றை ஆல்பைன் என்ற நிரலில் எவர் துணையும் இல்லாமல் படித்துவந்தேன். கடந்த ஜூன் மாதம் அந்த வழி அடைக்கப்பட்டது. இனி பிரவுசரிலோ செல்போன் செயலியிலோ மட்டுமே அஞ்சலைத் திறக்கலாம் என்று இரண்டு வரியில் அறிவிப்பு வந்தது. ஆல்பைனில் நான் கடைசியாகப் படித்த அஞ்சல் அதுதான்.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வேறு இடங்களில் படிக்கும் பார்வையற்ற நண்பர்கள் இருவர் இதே குறையைச் சொன்னார்கள். அதனால் பொதுவாகவே எழுதுகிறேன்.

ஆல்பைனில் படமோ பொத்தானோ கிடையாது. திரை முழுதும் எழுத்துதான். ஒரு வரிக்கு ஓர் அஞ்சல்: வரிசை எண், தேதி, அனுப்பியவர், அளவு, பொருள். கீழ் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் அடுத்த வரிக்குப் போகும். திரைவாசிப்பான் அந்த வரியைக் காதில் சொல்லும். திறக்க என்டர், பதில் எழுத ‘ஆர்’ விசை, புதிதாக எழுத ‘சி’ விசை, அனுப்பக் கண்ட்ரோலோடு ‘எக்ஸ்’. காலை ஐந்தரை மணிக்கு, அடுப்பில் பால் பொங்குவதற்குள், இருபது அஞ்சல்களைப் பார்த்து முடித்துவிடுவேன். தமிழ் அஞ்சல் வந்தால் என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, “கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கிறது, இதை எப்படிப் படிக்கிறீர்கள்?” என்று கேட்பார். கணினி எழுத்துகளைப் பதியும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் பதிவாகின்றன. அதனால் திரையில் எழுத்து சிதறிக் கிடந்தாலும் என் காதுக்குப் பெரும்பாலும் சரியாகவே வந்து சேர்கிறது.

இனி பிரவுசருக்கு வருகிறேன். அஞ்சல் பட்டியலை எட்டுவதற்குள் ‘மெனு, பொத்தான், தேடல், பொத்தான், அமைப்புகள், பொத்தான்’ என்று காது வலிக்கக் கேட்க வேண்டும். நேற்று விரல் பழகிய இடத்தில் இன்று வேறொன்று இருக்கிறது. நீண்ட பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போதே நுழைவு காலாவதியாகிவிடுகிறது. அது திரையில் தெரியுமே தவிர எனக்கு யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால் சிக்னல் பாதியாகிவிடும். அஞ்சலின் தலைப்பை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு, வேண்டிய பகுதியைக் கேட்கும்போது தருவது ஐமேப் முறையின் இயல்பு. ஆல்பைன் போன்ற நிரல்கள் சர்வரிலிருந்து அஞ்சலை வாங்கும் முறை அது, ஜூனில் அடைக்கப்பட்ட வழியும் அதுதான். பிரவுசர் பக்கமோ தன்னை முழுதாக விரித்த பிறகுதான் ஒரு வரியைக் காட்டுகிறது. செல்போன் போதாதா என்று கேட்கலாம். இரண்டு வரி அஞ்சலுக்குப் போதும். அடிக்குறிப்புகளோடு ஓர் இயலைத் திருத்தி அனுப்ப எனக்கு விசைப்பலகை வேண்டும்.

ஐமேப் நெறிமுறையை 1986இல் வடிவமைத்த மார்க் கிறிஸ்பின் அப்போது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஆல்பைனின் மூலமான பைன், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய வேலை. கணினியில் பெரிய பழக்கமில்லாத அலுவலகப் பணியாளரும் அஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதற்காகவே அதை எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில், எளியவரை நினைத்துப் பிறந்த ஒன்றை இன்னொரு பல்கலைக்கழகமே வெளியே நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பாதுகாப்புக்காக மூடினோம் என்று கணினி மையத்தில் சொன்னார்கள். அந்த அக்கறை நியாயமானது. வெறும் கடவுச்சொல்லை நம்பியிருந்தால், அதைத் திருடியவர் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2022 அக்டோபரிலிருந்து தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அஞ்சல் சேவையில் அந்த வகை நுழைவை நிறுத்தத் தொடங்கியது. ஆனால் அங்கேயும் நிறுத்தியது பழைய நுழைவு முறையை மட்டுமே, ஐமேப்பை விட்டுவைத்தார்கள். ஓஆத் முறையில் ஒருமுறை பிரவுசரில் சரிபார்ப்பை முடித்துவிட்டால், அதன் பிறகு நிரல் கடவுச்சொல் இல்லாமல் ஓர் அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே போகிறது. இன்றைய ஆல்பைனுக்கும் மட் என்ற இன்னொரு எழுத்து அஞ்சல் நிரலுக்கும் இது தெரியும். நிர்வாகி செய்ய வேண்டியது, ஐமேப்பைத் திறந்துவைத்து, இந்த நிரல்களை அனுமதித்த செயலிகளின் பட்டியலில் சேர்ப்பதுதான். அந்த ஒருமுறைச் சரிபார்ப்புக்கு வேண்டுமானால் நானே நேரில் வருகிறேன்.

இன்னொன்று. ஆகஸ்டில் ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பிரவுசரில் தட்டித் தடவித் திறந்தால், உள்ளே ‘இணைப்பைக் காண்க’ என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. இணைப்பில் இருந்தது கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஸ்கேன் செய்த தாளின் படம். திரைவாசிப்பான் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நின்றது. உசிலம்பட்டியில் ஒரு கணினிக் கடைக்குப் பஸ்ஸில் போய், முன்பின் அறியாத ஒரு தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். “அண்ணே, கூட்டம் நேற்றே முடிந்துவிட்டதே” என்றார். தேதியையும் இடத்தையும் அஞ்சலிலேயே இரண்டு வரி தட்டச்சு செய்திருந்தால் எனக்கு அந்தக் கூட்டம் தவறியிருக்காது. மின்னணு ஊடகங்களில் வருபவை மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு.

துணைவேந்தர்களும் கணினி மையப் பொறுப்பாளர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மனுவும் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. ஜனவரியில் என் ஆய்வுச் சுருக்கத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஐமேப்பைத் திறந்துவிட்டால், நெறியாளர் அனுப்பும் கடைசித் திருத்தங்களை நானே படித்துக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியர் ஒருவர்,
எழுமலை வட்டாரம், மதுரை மாவட்டம்